நட்டாலம் முதல் காற்றாடிமலை வரை: நோயுற்றோருக்கான ஒருநாள் திருப்பயண வேன் சேவை

நாகர்கோவிலிலிருந்து காலையில் புறப்பட்டு, நட்டாலம், புலியூர்க்குறிச்சி, கோட்டாறு ஆகிய ஊர்களின் வழியாக ஆரல்வாய்மொழியிலுள்ள காற்றாடிமலையில் நிறைவுபெறும் ஒருநாள் திருப்பயணத்தை, எங்கள் ஊர்ப்பக்கத்துச் சிறு குழு ஒன்று வேன் அமர்த்தி நடத்தி வருகிறது. கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்நீத்த மறைசாட்சியான புனித தேவசகாயத்தின் வாழ்வோடு தொடர்புடைய இடங்களைக் காட்டுவதே பயணத்தின் நோக்கம். நீண்டநாள் நோயுற்றோரும் அவர்களைக் கவனித்துக்கொள்வோரும் வந்துபோகும்படி இதை அமைத்திருப்பதாக அவர்கள் சொல்லியதால், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துவரும் என் அக்காவை அழைத்துச் சென்றேன். எங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் இம்மாவட்டத்தில் பல உள்ளன. அவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக, நிறைகளையும் குறைகளையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்துவிட்டால், மருந்துச் செலவை விடவும் பாரமாக வந்து இறங்குவது மற்றவர்கள் சொல்லும் காரணங்கள்தான். செய்த பாவம், முன்னோர் சாபம், ஜெபத்தில் குறைவு, விசுவாசத்தில் குறைவு என்று ஆளுக்கொரு காரணத்தை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கடவுளின் வல்லமையை நான் முழுமனத்தோடு நம்புகிறேன். அவரால் ஆகாதது ஒன்றுமில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த வல்லமையை நம் நம்பிக்கைக்கு ஈடாகத் தரப்படும் கூலிபோல எண்ணி, கூலி வரவில்லையென்றால் வேலை சரியில்லை என்று நோயாளியின் தலையில் பழியைச் சுமத்தும் பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே எந்தத் திருப்பயணமானாலும், துன்பப்படுகிறவரைக் கடவுளின் கையில் விடுகிறதா, கணக்குப் பார்க்கும் மனிதரின் கையில் விடுகிறதா என்பதைக் கொண்டே அதை மதிப்பிடுகிறேன்.

பதிவு செய்தபோதே இந்தச் சேவையின் மீது எனக்கு மதிப்பு உண்டாயிற்று. தொலைபேசியில் பேசிய அம்மையார் பெயரையும் வயதையும் குறித்துக்கொண்டதோடு நிற்காமல், என்ன நோய், எந்தெந்த நாட்களில் சிகிச்சை, எவ்வளவு தூரம் நடக்க முடியும், எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று நிதானமாகக் கேட்டார். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தண்ணீருக்கும் அளவு உண்டு என்பதும், பொட்டாசியம் மிகுந்த இளநீரும் வாழைப்பழமும் ஆகாது என்பதும் பெரும்பாலான வீட்டாருக்கே தெரிவதில்லை. வழியில் எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தபோது, அக்காவுக்கு மட்டும் கேட்காமலேயே ஓர் ஆப்பிளைத் துண்டு போட்டு ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார்கள். தனக்கு ஏதோ மறுக்கப்படுகிறது என்ற எண்ணம் அவருக்கு வராதபடி அதைச் செய்த பாங்கை நான் மறக்கமாட்டேன்.

நட்டாலத்தில் அதிக நேரம் நிறுத்தவில்லை, அது சரியே. 1712 ஏப்ரல் 23 அன்று நீலகண்டன் என்ற பெயரில் இங்கே பிறந்த தேவசகாயம், திருவிதாங்கூரை மார்த்தாண்ட வர்மா ஆண்ட காலத்தில் அரசுப் பணியில் உயர்ந்திருந்தவர் என்பதைச் சுருக்கமாகச் சொல்லி, ஒரு சிறு ஜெபத்துடன் வேனில் ஏற்றிவிட்டார்கள். பிறந்த இடத்தை விட, அவருடைய மனம் திரும்பிய இடத்துக்கே நேரம் தேவை.

அந்த இடம் புலியூர்க்குறிச்சியை ஒட்டிய உதயகிரிக் கோட்டை. நுழைவுக் கட்டணத்தைக் குழுவினரே கட்டிவிடுகின்றனர். இப்போது வனத்துறையின் பராமரிப்பில் பூங்காவாக இருக்கும் இக்கோட்டைக்குள், பழைய சிற்றாலயம் ஒன்றில் டிலனாய் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1741-இல் நடந்த குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து சிறைப்பட்டவர், பின்னர் வென்ற மன்னரின் படையையே பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்று, 1777-இல் இறக்கும் வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தவர். கல்லறையின் மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. அயலான் ஒருவனுக்கு நம் மண் தன் மொழியில் கல்வெட்டு வைத்திருப்பதைப் பார்க்கையில் எனக்கு எப்போதும் ஒரு பெருமிதம் வரும்; இது பயணத்துக்குப் புறம்பான செய்திதான், ஆயினும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பிறகு அறிந்தேன். கோட்டைக் கட்டுமானப் பணியில் நீலகண்டனுக்கும் டிலனாய்க்கும் பழக்கம் ஏற்பட்டதையும், அந்நாட்களில் நீலகண்டனின் வீட்டில் கால்நடைகள் மடிந்து, பயிரும் பொருளும் அழிந்து, அடுத்தடுத்து இழப்புகள் வந்ததையும், மனம் சோர்ந்திருந்த நண்பரிடம் டிலனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னதையும் அவர் விரிவாக எடுத்துரைத்தார். பிறகு, பலரும் விட்டுவிடும் ஒரு பகுதியை எடுத்தார். மக்களையும் மந்தைகளையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருந்த யோபுவைத் தேடிவந்த நண்பர்கள், ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்றார். வாய் திறந்ததும், நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இத்துன்பம் என்று வாதாடத் தொடங்கினார்கள். இறுதியில் சூறாவளியினின்று கடவுள் பேசியபோது, துன்பத்துக்கு விளக்கம் எதையும் அவர் கொடுக்கவில்லை. உலகுக்கு நான் அடித்தளம் இட்டபோது நீ எங்கிருந்தாய் என்று யோபுவிடம் கேட்டார். ஆனால் அவர் சினந்துகொண்டது, கேள்வி கேட்ட யோபுவின் மீதல்ல. தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று, காரணம் சொன்ன நண்பர்களின் மீதே சினந்தார்.

இதைச் சொல்லி முடித்ததும் வழிகாட்டி எங்களை எதுவும் ஜெபிக்கச் சொல்லவில்லை, பாட்டும் எடுக்கவில்லை. விரும்புகிற இடத்தில் சிறிது நேரம் உட்காருங்கள் என்று மட்டும் கூறிவிட்டு, தாமும் மரநிழலில் போய் அமர்ந்துகொண்டார். ஒலிபெருக்கி இல்லாத பக்தி நிகழ்ச்சியை நான் பார்த்து நெடுநாளாயிற்று. டிலனாயின் கல்லறைக்கு அருகிலேயே அவருடைய மனைவியும் மகனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். 1765-இல் களக்காட்டுப் போரில் காயமுற்ற அந்த மகன், இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே இறந்துபோனான். நண்பனுக்கு யோபுவின் கதையைச் சொன்னவர், தம் வாழ்நாளிலேயே அந்தக் கதையைத் தாமும் சுமக்க நேர்ந்தது. இந்தச் செய்தியை வழிகாட்டி சொல்லவில்லை. அவருடைய விளக்கத்துக்கு இதைப்போல வலுச்சேர்ப்பது வேறொன்றில்லை என்பதால், அடுத்த பயணங்களில் இதையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அமைதியில்தான் எங்களுக்கு அருகே அமர்ந்திருந்த ஒரு வயதான தாயார் பேசினார். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையைச் சேர்ந்தவர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில், ஆழ்கடலுக்குப் போயிருந்த அவருடைய மகன் திரும்பவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “மக்களே, கடவுளு எதுக்கு இப்பிடி செஞ்சாருன்னு எனக்கு இதுவரைக்கும் வெளங்கல்ல. ஆனா அவர விட்டா நான் வேற யாருகிட்ட போயி கேக்க?” என்றார். அக்கா பதில் ஏதும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார். நோய் வந்த நாளிலிருந்து அக்காவுக்கு எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தாம் ஆறுதலைத் தேடி வந்த இடத்தில், இன்னொருவருக்குக் கைகொடுத்து உட்கார்ந்திருக்க முடிந்தது அவருக்கு அன்றுதான் வாய்த்தது என்று நினைக்கிறேன். இப்படிப்பட்டவர்களை ஒரே வேனில் அழைத்து வந்ததற்காக மட்டுமே இந்தக் குழுவினரைப் பாராட்டலாம்.

இனிக் குறைக்கு வருகிறேன். கோட்டையிலிருந்து புறப்பட்டுப் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறைக்குப் போனோம். காவலர்கள் இழுத்துச் சென்ற வழியில் தாகத்தால் வாடிய தேவசகாயம், ஜெபித்துத் தம் முழங்கையால் பாறையை இடித்தபோது நீர் சுரந்தது என்பது மரபு. அந்நீரைத் திருப்பயணிகள் பக்தியோடு பருகுவார்கள். அங்கே எங்களுக்கு உதவியாக வந்த இளைஞர் ஒருவர், ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரை அக்காவிடம் நீட்டி, “நல்ல விசுவாசத்தோட குடியுங்க அக்கா. டயாலிசிஸ் எல்லாம் நின்னு போகும். நிக்கலைன்னா நம்ம விசுவாசம் போதாதுன்னு அர்த்தம்” என்றார். ஒருமணி நேரத்துக்கு முன்பு யோபுவின் நண்பர்களைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்த அதே கூட்டத்தில், அதே நண்பர்களின் பேச்சு மீண்டும் எழுந்தது. அந்த இளைஞரின் மனத்தில் தீங்கு இல்லை. அக்கா நலமடைய வேண்டும் என்ற ஆசையே அவரை அப்படிப் பேச வைத்தது. ஆனால் நோயாளிக்கு அச்சொல் என்ன செய்யும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அளவுக்கு மீறிக் குடிக்கும் நீர், அடுத்த டயாலிசிஸ் வரை உடலிலேயே தங்கிக் கால் வீக்கமாகவும் மூச்சுத் திணறலாகவும் வந்து நிற்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டார். இரண்டு விரல்களை நனைத்து நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, உதட்டை மட்டும் ஈரமாக்கிவிட்டு, “தம்பி, எனக்கு டாக்டர் சொன்ன அளவுதான் தண்ணி. மிச்சத்தை ஆண்டவர் பாத்துக்கிடுவாரு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமோ கோபமோ இல்லை. மருத்துவர் சொல்வதைக் கேட்பதும் கடவுளை நம்புவதும் அவருக்கு இருவேறு காரியங்களல்ல. ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய இடது கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வாரந்தோறும் அந்தக் கட்டிலில் போய்ப் படுப்பதையே தம் ஜெபமாக நினைக்கிறவர் அவர். நான்தான் பொறுக்கமாட்டாமல் பொறுப்பாளரிடம் சென்று முறையிட்டேன். அவர் சமாதானம் சொல்லி மழுப்பவில்லை. உடனே அந்த இளைஞரைத் தனியே அழைத்துப் பேசினார். மதிய உணவின்போது அந்த இளைஞரும் அக்காவின் அருகில் வந்து உட்கார்ந்து, டயாலிசிஸ் என்றால் என்ன, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். குறை நேர்ந்த இடத்திலேயே அது திருத்தப்பட்டது. ஆயினும் உதவிக்கு வருவோர் அனைவருக்கும், நோயாளிகளிடம் எதைச் சொல்லக் கூடாது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே சொல்லிக்கொடுப்பது குழுவின் கடமை.

மதிய உணவு எளிமையானது: சோறு, பருப்பு, அவியல், மீன் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு மயக்கியது. அக்காவுக்கு உப்பைக் குறைத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்திருந்தார்கள். சுவையைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுச் சாப்பாடு போலிருந்தது.

உச்சிவெயில் நேரத்தைக் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தின் உள்ளே கழித்தோம். தேவசகாயத்தின் உடல் இங்குதான் அடக்கம் செய்யப்பட்டது. வாழ்க்கை வரிசைப்படி பார்த்தால், உயிர்நீத்த காற்றாடிமலைக்குப் பிறகே கல்லறைக்கு வர வேண்டும் என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் வெயில் கொளுத்தும் நேரத்தில் நோயாளிகளைப் பாறையில் நிறுத்தாமல் ஆலயத்தின் குளிர்ச்சியில் இருக்கவைத்து, மாலையில் மலைக்கு அழைத்துப் போவதே சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியார் என்று மதவேறுபாடின்றி எங்கள் மாவட்டமே அழைக்கும் ஆலயம் இது. டிசம்பர் 3 திருவிழாவையொட்டி இங்கு கூடும் கூட்டத்தை அறிந்தவர்களுக்கு, கேட்டதும் கிடைத்ததுமான நேர்ச்சைக் கதைகள் எத்தனை என்பது தெரியும். அக்கதைகளை நான் மறுக்கவில்லை. தேவசகாயத்தைப் புனிதராக அறிவிப்பதற்குத் திருச்சபை ஏற்றுக்கொண்ட புதுமையே (அற்புதமே), தாயின் கருவிலிருந்த ஒரு குழந்தை பிழைத்தது பற்றியதுதான். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு, கொடுப்பதற்கு அவருக்கு வல்லமை உண்டு. கிடைக்காதவர்கள் குறைந்தவர்கள் அல்லர் என்பதையும் அந்த ஆலயத்திலேயே ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் நிறைவாக இருந்திருக்கும். வழிகாட்டி அங்கே வரலாற்றை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

சொல்லாமல் விட்டதை மாலையில் காற்றாடிமலையே சொல்லிற்று. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், 1749-இல் கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சித்திரவதைக்கு உள்ளானார். எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்துக் காயப்படுத்தி, அக்காயங்களில் மிளகாய்ப் பொடியைத் தேய்த்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் அவரைச் சுட்டுக் கொன்றபோது அவருக்கு நாற்பது வயது நிரம்பவில்லை. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முக்திப்பேறு பெற்றவராகவும் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை), 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸால் புனிதராகவும் அவர் அறிவிக்கப்பட்டது நமக்கெல்லாம் தெரிந்ததே. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் அவர் எத்தனை இரவுகள் ஜெபித்திருப்பார் என்பதை அந்தப் பாறையின் மேல் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். பாறையிலிருந்து அவருக்குத் தண்ணீர் கிடைத்தது, விலங்கு கழலவில்லை. தாகம் தீர்த்த அதே கடவுள், துப்பாக்கிக் குண்டைத் தடுக்கவில்லை. அப்படியிருந்தும் அவருடைய விசுவாசம் போதாது என்று சொல்லும் துணிவு இன்று யாருக்கும் வராது. எனில், மருந்தாலும் ஜெபத்தாலும் இன்னும் குணமாகாத ஒருவரைப் பார்த்து மட்டும் அச்சொல் எப்படி நம் வாயில் வருகிறது?

மலைமேலுள்ள மணியடிச்சான் பாறையைத் தட்டினால் மணி போல ஒலிக்கும். ஏற முடிந்தவர்கள் ஏறிப்போய்த் தட்டினார்கள். ஏற இயலாதவர்களை வெறுமனே காத்திருக்க வைக்காமல், கீழே வியாகுல அன்னை ஆலயத்தில் அமரவைத்துச் செபமாலை சொன்னார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் எந்நேரமும் காற்று என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று மெழுகுவர்த்தி ஒன்றுகூட வெளியில் எரியவில்லை. அங்கே அக்கா நெடுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என்ன கேட்டீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை. வேனில் ஏறும்போது அவராகவே, “நாளைக்கு டயாலிசிஸுக்கு அழாமப் போகணும்னு கேட்டேன்” என்றார். மறுநாள் அவர் அழாமல்தான் போனார்.

சேவையில் திருத்திக்கொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. வேனின் முதல் படி மிகவும் உயரமாக இருக்கிறது. ஒரு சிறு மரப்படியை வைத்துவிட்டால் போதும். ஏறுவதற்கு உதவும் அவசரத்தில் ஒருவர் அக்காவின் இடது கையை இறுகப் பிடித்துத் தூக்கப்போனார். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா என்னும் இரத்தக்குழாய் இணைப்பு அமைத்த கையை அழுத்தவோ இழுக்கவோ கூடாது என்பதால், நல்லவேளையாக நான் குறுக்கே புகுந்து தடுத்தேன். கழிப்பிட வசதி எங்கெங்கே உண்டு என்பதைப் பயணக் குறிப்பிலேயே போட்டுவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் வயதான பெண்களும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அடக்கி வைத்திருப்பதைக் கண்டேன். தேவசகாயத்தை மாதக்கணக்கில் வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்ததாகச் சொல்லப்படும் பெருவிளை, நாகர்கோவிலின் அருகிலேயே இருந்தும் இப்பயணத்தில் இடம்பெறவில்லை. கட்டப்பட்டிருந்த நிலையிலும் தம்மைத் தேடிவந்த நோயாளிகளுக்காக அவர் ஜெபித்த இடம் என்பது மரபாதலால், நோயுற்றோருக்கான பயணத்தில் அதை விட்டுவிடுவது பொருத்தமாகப் படவில்லை. நட்டாலத்துக்குப் பின் உதயகிரியில் செலவிடும் நேரத்தைச் சற்றும் குறைக்காமல், மதிய ஓய்வில் அரைமணி நேரத்தைக் குறைத்தால் அங்கும் போய்வரலாம்.

கட்டணம் ஒரே தொகை; உணவும் நுழைவுக் கட்டணங்களும் அதிலேயே அடங்கும். வழியில் உண்டியலோ காணிக்கை உறையோ யாரும் நீட்டவில்லை என்பதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். நோயாளியோடு வருகிற துணையாளுக்குக் கட்டணத்தில் சலுகை தருகிறார்கள்.

போக விரும்புகிறவர்கள் சிகிச்சை இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டையும் அந்தந்த வேளைக்குரிய மாத்திரைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் காற்றாடிமலையில் காற்று மிகக் கடுமையாக இருக்கும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அம்மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. குணமானால்தான் பயன் என்ற எண்ணத்தோடு வீட்டார் வற்புறுத்தி நோயாளியை ஏற்றி அனுப்பாதீர்கள். அவரே வர விரும்ப வேண்டும். இளநீர், உப்பு, தண்ணீர் அளவு ஆகியவற்றைப் பதிவின்போதே சொல்லிவிடுங்கள். அவர்கள் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். படியைப் பற்றியும் பெருவிளையைப் பற்றியும் நான் பொறுப்பாளரிடம் பேசியபோது, மரப்படிக்கு ஏற்பாடு செய்வதாகவும், பெருவிளையைச் சேர்க்கும் யோசனை தங்களுக்கும் இருப்பதாகவும் சொன்னார். நானும் அக்காவும் மீண்டும் பெயர் கொடுத்திருக்கிறோம்.